எடை குறையாத நாளிலும் நடக்கலாம்

சர்க்கரை நோய்க்கு முந்தைய படியில் நின்றிருந்த 531 பேரைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். முடிவுகள் 2006இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவினருக்கு வாழ்க்கை முறையில் மாற்றம். மூன்றாவது பிரிவுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. வாழ்க்கை முறை மாற்றத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் தினம் அரை மணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்க வேண்டும். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்கள், சைக்கிளில் போய்வருபவர்கள் அதையே தொடர்ந்தால் போதும். சர்க்கரை, தீட்டிய தானியம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40.5 விழுக்காடு. நடையும் உணவும் சேர்ந்து ஒரு மாத்திரைக்கு ஈடாக நின்றிருக்கின்றன. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட அந்தப் பிரிவினருக்கு, குறிப்பிட்டுச் சொல்லும்படி எடை குறையவில்லை.

எடை பார்க்கும் இயந்திரத்தின் முள்ளை மட்டும் நம்பியிருந்தால், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் மாதமே “ஒண்ணும் ஆகலையே” என்று நடையை நிறுத்தியிருப்பார்கள்! உள்ளே கணையமும் தசையும் ஈரலும் நன்மை பெற்றுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே எந்த அடையாளமும் தெரிந்திருக்காது.

உடம்பை இருக்கிறபடி ஏற்றுக்கொள்வது ஒரு பக்கம், ஆரோக்கியமாக வாழ்வது இன்னொரு பக்கம், இரண்டும் எதிரெதிர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. ஏற்றுக்கொண்டால் சோம்பேறியாகிவிடுவோம், கொஞ்சம் வெட்கப்பட்டால்தான் திருந்துவோம் என்று வீட்டுப் பெரியவர்களும் நம்புகிறார்கள், பல மருத்துவர்களும் நம்புகிறார்கள். சென்னை ஆய்வு தரும் பாடம் வேறு. பழக்கத்தின் பலனை எடையை வைத்து அளக்கக் கூடாது. அப்படி அளக்காமல் இருக்க வேண்டுமென்றால், முதலில் இந்த உடம்போடு சண்டையை நிறுத்த வேண்டும்.

வெட்கம் என்ன செய்கிறது

கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டும் முன்பே வரும் கேள்வி: “என்னடி, இப்படி உடம்பு போட்டுட்ட?” ஒல்லியான பெண்ணுக்கு அதே இடத்தில் வேறு கேள்வி: “சாப்பிடறதே இல்லையா நீ?” கேட்பவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்கப்பட்டவர் அன்றைக்குப் பந்தியில் எப்படி உட்கார்வார், யார் தன் இலையைப் பார்க்கிறார்கள் என்று எப்படிக் கவனித்துக்கொண்டிருப்பார் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆன பெண்ணுக்கு, பெண் பார்க்கும் படலத்தில் நிற்பவளுக்கு, பள்ளி விளையாட்டு நேரத்தில் கடைசியில் ஓடும் பையனுக்கு இது தினசரி நடப்பது.

இதற்கு உடலளவில் விளைவு உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆஞ்சலினா சூட்டின், அன்டோனியோ டெராச்சியானோ என்ற இரு ஆய்வாளர்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை 2006க்கும் 2010க்கும் இடையே ஒப்பிட்டார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொடக்கத்தில் உடல் பருமன் இல்லாதவர்களில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் பிற்பாடு பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. கேலி மெலிய வைக்கும் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு. இதே ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றையும் காட்டினார்கள். எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்களின் இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல். உடல் எடை, நோய் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

காரணம் விளங்காத மர்மம் கிடையாது. அவமானப்பட்டவர் பூங்காவுக்குப் போக மாட்டார், நாலு பேர் பார்ப்பார்கள். ஜிம்முக்குப் போக மாட்டார், கண்ணாடிகள் இருக்கும். மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார், போனதும் எடை பார்க்கச் சொல்வார்கள். மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், தூக்கம் கெடும், இரவில் தனியாகச் சாப்பிடத் தோன்றும்.

பட்டினி டயட்டின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டார். போர் முடிந்ததும் பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளும் நோக்கம். அந்த அரைப் பட்டினி எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு. இன்றைக்கு எத்தனையோ டயட் அட்டவணைகள் பெண்களுக்கு எழுதிக் கொடுப்பது 1,200. அந்த இளைஞர்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். கூடவே எப்போதும் குளிர், எரிச்சல், சோர்வு. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி. சிலர் சமையல் புத்தகங்கள் சேகரிக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு புடைக்கத் தின்றும் பலருக்குப் பசி அடங்கவில்லை.

மன உறுதி குறைந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. எடை இறங்கும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறைகிறது. எடை குறைப்புப் போட்டி நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் 14 போட்டியாளர்களை ஆறு ஆண்டு கழித்து கெவின் ஹால் குழுவினர் சோதித்தார்கள். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடம்பு ஓய்வில் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. ஆறு ஆண்டுக்குப் பிறகும்! இந்த உண்மை தெரியாமல்தான் எடை திரும்ப ஏறியவர் தன்னையே திட்டிக்கொள்கிறார், அடுத்த திங்கட்கிழமை இன்னும் கடுமையான டயட்டைத் தொடங்குகிறார்.

ஏற்பு இயக்கம் எங்கிருந்து வந்தது

உடல் ஏற்பு என்பது இன்ஸ்டாகிராமில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1969இல் நியூயார்க்கில் பில் ஃபேப்ரே என்ற பொறியாளர், பருமனான தன் மனைவி படும் அவமானங்களைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ‘நாஃபா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். வேலையில், மருத்துவமனையில், விமான இருக்கையில் பருமனானவர்களுக்குச் சம மரியாதை கேட்ட சங்கம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்ணியவாதிகள் சிலர் இன்னும் கூர்மையாகப் பேசினார்கள். மருத்துவ இதழ்களைத் தாமே தேடிப் படித்து, டயட்டுகள் பெரும்பாலானோருக்கு நிலைப்பதில்லை என்று வாதாடினார்கள். பிறகு வந்தது ‘ஹெல்த் அட் எவ்ரி சைஸ்’, அதாவது எந்த அளவு உடம்பிலும் ஆரோக்கியம் என்ற அணுகுமுறை. எடையை இலக்காக வைக்காமல் பசியறிந்து உண்பது, பிடித்த விதத்தில் உடம்பை அசைப்பது, தன் மேல் மரியாதையோடு இருப்பது.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. 30 முதல் 45 வயதுக்குட்பட்ட, வருடக்கணக்கில் டயட் இருந்து சலித்த 78 பருமனான பெண்கள். பாதிப் பேருக்கு வழக்கமான டயட், மீதிப் பேருக்கு இந்த ஏற்பு வழி. டயட் பிரிவில் 41 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் விலகிவிட்டார்கள். ஏற்புப் பிரிவில் விலகியவர்கள் 8 விழுக்காடு. இரண்டாண்டு கழித்து, டயட் பிரிவினர் குறைத்த எடையைத் திரும்பப் பெற்றிருந்தார்கள், மற்ற முன்னேற்றங்களும் பெரும்பாலும் கரைந்திருந்தன. ஏற்புப் பிரிவினருக்கு எடை மாறவில்லை. இரத்த அழுத்தம் குறைந்தது, கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தது, நடமாட்டம் கூடியது, தன்மதிப்பு உயர்ந்தது. சின்ன ஆய்வு, ஒரு நாட்டுப் பெண்கள் மட்டும். அதற்கு மேல் அதிலிருந்து இழுத்துக்கொண்டு போக நான் விரும்பவில்லை. ஆனால் எத்தனை பேர் தொடர்ந்தார்கள் என்ற கணக்கு முக்கியம். பழக்கம் என்றாலே தொடர்வதுதானே.

இயக்கத்தின் ஒரு பகுதி பிற்பாடு போன இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எடைக்கும் ஆரோக்கியத்துக்கும் தொடர்பே கிடையாது என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். அது உண்மையில்லை. அதிலும் நம் ஊர் உடம்புகளுக்கு அந்த வாக்கியம் ஆபத்தானது.

ஒல்லியான உடம்பின் ரகசியம்

2004இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. பார்க்க இருவரும் ஒல்லி. கொழுப்பை அளந்தபோது யூட்கினின் உடம்பில் 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 விழுக்காடு. யாஜ்னிக் குழுவினர் இதன் வேரைத் தேடிப் பச்சிளம் குழந்தைகள் வரை போனார்கள். புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன, முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பிறக்கும்போதே கை கால் மெலிவு, கொழுப்பு மிச்சம். பெரியவர்களானதும் அந்தக் கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேர்கிறது.

அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று 2009இல் இந்திய நிபுணர்கள் வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. “அவனுக்கென்ன, ஒல்லியாத்தானே இருக்கான்” என்று நாம் விட்டுவிடும் ஆளுக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை இருப்பது இந்த ஊரில் அதிசயமில்லை. குண்டானவரை விரட்டி விரட்டிச் சொல்லும் அறிவுரை, ஒல்லியானவருக்குச் சொல்லப்படுவதே இல்லை. கேலி இரண்டு பேரையும் ஏமாற்றுகிறது. ஒருவரைப் பயமுறுத்தி ஒதுக்குகிறது, மற்றவரைப் பொய்யாகத் தேற்றுகிறது.

பிஎம்ஐ என்ற எண்ணே தனி ஆளுக்கென்று செய்யப்பட்டதில்லை. பெல்ஜியத்து வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்டலே 1830களில், மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதரைக் கண்டறியப் போட்ட சூத்திரம் அது. 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் வேறு யாருமல்ல, பட்டினி ஆய்வு செய்த அதே ஆன்செல் கீஸ். ஊர் முழுவதற்கும் கணக்கெடுக்க அது உதவும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே கணக்கெடுப்பில் பெண்களில் 12.6 விழுக்காட்டினர் இயல்புக்குக் குறைவான எடை. ஒரே தெருவில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஒரு தனி ஆளின் தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே என்பதை அந்த எண் சொல்லாது. 2025 ஜனவரியில் லான்செட் குழுமத்தின் நிபுணர் ஆணையம், பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவு செய்ய வேண்டாம், இடுப்பளவையோ கொழுப்பளவையோ சேர்த்துப் பாருங்கள், பருமனால் உறுப்பு பாதிக்கப்பட்டவர்களையும் இன்னும் பாதிக்கப்படாதவர்களையும் பிரித்துப் பாருங்கள் என்று சொன்னது. பருமனானவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி அது.

உள்ளே என்ன நடக்கிறது

சென்னை ஆய்வுக்குத் திரும்புவோம். எடை குறையாமல் சர்க்கரை நோய் எப்படித் தள்ளிப்போனது?

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அந்தக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். தசை சுருங்கி விரியும்போது அந்தச் சாவி இல்லாமலே கதவு திறந்து, சர்க்கரை உள்ளே போகிறது. நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இசைந்து கொடுக்கின்றன. தொடர்ந்து நடப்பவருக்கு, எடை அப்படியே இருந்தாலும், ஈரல் கொழுப்பும் வயிற்றின் உள்கொழுப்பும் குறையக்கூடும். அந்த இடத்தில் தசை கொஞ்சம் கூடினால் எடை பார்க்கும் இயந்திரத்துக்கு எதுவும் தெரியாது. புடவைக் கொசுவமோ பேன்ட் பித்தானோ அதற்கு முன்னால் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் 3,234 பேரோடு நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதைப் பற்றிய கணக்கை இன்னும் நேர்மையாகக் காட்டுகிறது. அங்கே வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் 58 விழுக்காடு குறைந்தது, சென்னையில் 28.5 விழுக்காடுதான். அங்கே எடை குறைப்பு ஓர் இலக்கு, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அபாயம் 16 விழுக்காடு இறங்கியது. ஆக எடைக்குப் பங்கு உண்டு. ஆனால் எடை இலக்கை எட்ட முடியாமல் உடற்பயிற்சி இலக்கை மட்டும் எட்டியவர்களுக்கும் அபாயம் 44 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை யாரும் நோயாளிகளிடம் சொல்வதில்லை. எடையில் தோற்றவர் எல்லாவற்றிலும் தோற்றவராகவே வீட்டுக்குப் போகிறார்.

டெக்ஸஸில் ஸ்டீவன் பிளேர் குழுவினர் ஓடுபொறியில் ஆண்களின் உடல் திறனை அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சுமார் 22 ஆயிரம் பேர். 1999இல் வந்த முடிவு: ஒல்லியாக இருந்து உடல் திறன் குறைந்தவர்கள், பருமனாக இருந்து உடல் திறன் மிக்கவர்களைவிட அதிகம் இறந்தார்கள்.

நம் ஊரில் நடப்பதற்கு இடம் எங்கே

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பெண் எங்கே நடப்பது? இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிப் பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள் என்று 2022ஆம் ஆண்டுக்கான கணக்கு சொல்கிறது, பெண்களில் அது 57 விழுக்காடு. இதைச் சோம்பல் என்று எழுதுவது அநியாயம். விடிகாலை டிபன், டப்பா, பள்ளி வேன். சாயங்காலம் திரும்பச் சமையல். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கும் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! தெருவில் நடைபாதை உடைந்திருக்கிறது, நாய் துரத்துகிறது, யாராவது எதையாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சென்னையிலேயே இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. மருத்துவர் வி. மோகன் குழுவினர் நகரின் இரண்டு குடியிருப்புகளைத் தொண்ணூறுகளிலிருந்து கவனித்து வந்தார்கள். அவற்றில் நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் சர்க்கரை நோய் பற்றிக் கூட்டம் போட்டு விளக்கியபோது, குடியிருப்போர் தாமே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தார்கள். பத்தாண்டில் அங்கே சர்க்கரை நோய் 12.4லிருந்து 15.4 விழுக்காடாகக் கூடியது. பூங்கா எதுவும் வராத, வருவாய் குறைந்த குடியிருப்பில் 6.5லிருந்து 15.3 ஆனது. இரண்டு குடியிருப்புகளுக்கும் வேறு வேற்றுமைகளும் உண்டு, எல்லாப் பெருமையையும் பூங்காவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் இடம் கிடைத்ததும் மக்கள் நடந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. யாரும் அவர்களைக் குண்டு என்று திட்டி நடக்க வைக்கவில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். குடிசைப் பகுதிகளுக்கும் சிற்றூர்களுக்கும் வெளிச்சமுள்ள, பெண்கள் பயமின்றிப் போகக்கூடிய சின்னச் சின்ன இடங்கள் அதைவிட அவசரமாகத் தேவைப்படுகின்றன.

நடை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தசை குறைவாகப் பிறக்கும் நமக்குத் தசைப்பயிற்சி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்கலாம். நடனம் பிடிக்குமென்றால் ஆடலாம். சென்னையில் மோகன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனம் பதின்வயதுப் பெண்களுக்காகப் பத்து நிமிட வேக நடனம் ஒன்றையே ‘தாண்டவ்’ என்று வடிவமைத்திருக்கிறது. இப்போதைய அளவுக்குப் பொருந்துகிற தளர்வான உடையும் நல்ல செருப்பும் இன்றே வாங்கிக்கொள்ள வேண்டும். “உடம்பு இறங்கினதும் வாங்கிக்கலாம்” என்று தள்ளிப்போட்டால் நடையும் தள்ளிப்போகும்.

சாப்பாட்டில் நம் சிக்கல் தட்டின் விகிதம். சென்னை நகரவாசிகளின் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதுவும் பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது. மலை போலச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் திருப்பிப் போட்டால் போதும். கீரையும் காயும் பாதித் தட்டு, சுண்டலோ பருப்போ முட்டையோ மீனோ கால், சோறு கால். எதையும் விலக்கி வைக்கத் தேவையில்லை. தீபாவளிக்கு அதிரசம் தின்றால் அன்றைக்கு அதிரசம் தின்றதாக மட்டும் அர்த்தம், அதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். குற்றவுணர்வோடு சாப்பிட்டவர்தான் “கெட்டது கெட்டுடுச்சு” என்று மொத்த டப்பாவையும் காலி செய்கிறார். இன்னொரு விஷயம், வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் அம்மா. குழந்தை மிச்சம் வைத்த தோசை, மீந்துபோன சோறு எல்லாம் வீணாகக் கூடாது என்று அவர் தட்டில் விழுகிறது, காயும் மீன் துண்டும் அதற்குள் தீர்ந்திருக்கும். அவருடைய உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.

எடையைக் குறைத்தே ஆக வேண்டிய நேரம்

உண்டு. முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் மூட்டின் மேல் நான்கு கிலோ சுமை குறைகிறது. தூக்கத்தில் மூச்சுத் திணறுபவருக்கும் ஈரலில் கொழுப்பு மிகுந்தவருக்கும் எடைக் குறைப்பு நேரடி மருந்து. பிரிட்டனில் 2017இல் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வில், சர்க்கரை நோய் வந்து ஆறாண்டுக்கு உட்பட்டு, எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மாத்திரையின்றி இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு.

எடையைக் குறைக்கும் மவுன்ஜாரோ, வெகோவி போன்ற ஊசி மருந்துகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. தேவைப்பட்டு மருத்துவர் சொல்லிப் போட்டுக்கொள்பவர், உடல் ஏற்புக்குத் துரோகம் செய்தவராக மாட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை நாம் அப்படிப் பார்க்கிறோமா? அதே சமயம், வெகோவியில் உள்ள செமாகுளுட்டைடை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் ஆய்வு காட்டியிருக்கிறது. குறையும் எடையில் தசையும் அடக்கம். ஆகையால் ஊசி போட்டுக்கொள்பவருக்கும் தசைப்பயிற்சியும் புரதமும் வேண்டும். உடம்பை வெறுத்துக்கொண்டு இத்தனையையும் ஆண்டுக்கணக்கில் செய்வது யாராலும் முடியாது.

மருத்துவரிடம் போகும்போது

முப்பது வயதைத் தாண்டியவர்கள், ஒல்லியோ பருமனோ, ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதைத் தவிர்க்க வேண்டாம். இடுப்பளவை வீட்டிலேயே எடுக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல், தையல்கார நாடாவை அழுத்தாமல் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

முதுகுவலி என்று போனாலும், மாதவிடாய்ச் சிக்கல் என்று போனாலும், “முதல்ல வெயிட்டைக் குறைங்க” என்று அனுப்பப்படுகிறவர்கள் ஒரு கேள்வியை மரியாதையோடு கேட்கலாம்: “டாக்டர், இதே தொந்தரவோட ஒல்லியான ஒருத்தர் வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க? அதையே எனக்கும் எழுதுங்க.” எடை பார்க்கும்போது மனம் கலங்குகிறவர்கள், எண்ணைச் சொல்லாமல் குறித்துக்கொள்ளும்படி செவிலியரிடம் கேட்கலாம், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கலாம். கர்ப்ப காலத்தில், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன், இதயச் செயலிழப்பில் நீர் கோப்பதைக் கவனிக்க, காரணமின்றி மெலிந்துகொண்டே போகும்போது எடை தெரிந்தே ஆக வேண்டும். அப்போது மறுக்கக் கூடாது.